மன்னர் பெயரில்லாத சரித்திரம்

சரித்திரம் என்றவுடன் அரசர் பரம்பரைகளும் போர்க்களங்களும் பட்டாபிஷேக ஆண்டுகளுமே நம் நினைவில் எழுகின்றன. பள்ளிப் புத்தகங்கள் நெடுங்காலம் அவ்வாறே எழுதப்பட்டு வந்தன. ஆனால், ஓர் அரசனின் பெயர்கூடத் தெரியாத நாட்டுக்குச் சரித்திரம் எழுதுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடும்போதுதான், நாகரிகத்தையும் பண்பாட்டையும் துணைகொண்டு சரித்திரம் பயிலும் முறையின் அருமை புலனாகிறது.

சிந்துவெளியை எடுத்துக்கொள்வோம். 1921-இல் ஹரப்பாவிலும், 1922-இல் மொகஞ்சதாரோவிலும் அகழ்வுப் பணி தொடங்கியது. 1924-இல் சர் ஜான் மார்ஷல் இந்நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார். கி.மு. 2600 முதல் 1900 வரை அது சிறந்து விளங்கியது. அதன் முத்திரைகளிலுள்ள எழுத்து ஐயந்திரிபற இன்னும் படிக்கப்படவில்லை. ஆகவே, அம்மக்கள் எழுதியவற்றைக் கொண்டன்று, செய்தவற்றைக் கொண்டே நாம் அவர்களை அறிய வேண்டியிருக்கிறது.

அவர்கள் சுட்ட செங்கற்களின் உயரம், அகலம், நீளம் ஆகியவை பெரும்பாலும் 1:2:4 என்ற விகிதத்தில் அமைந்துள்ளன. நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியுள்ள ஊர்களிலும் இவ்விகிதத்தையே காண்கிறோம். எடைக்கற்களும் ஒரே ஒழுங்கில் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துச் செல்கின்றன. இவற்றுள் மிகுதியாகக் கிடைப்பது சுமார் 13.6 கிராம் எடையுள்ள கல். ஓர் ஊர் வணிகன் மற்றோர் ஊரின் எடையை நம்பிக் கொண்டு கொடுத்தான் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, சூதுபவள மணியைப் பார்ப்போம். 1955 முதல் எஸ். ஆர். ராவ் அகழ்ந்த குஜராத்தின் லோத்தலில் மணி செய்யும் கூடமொன்று வெளிப்பட்டது. சிந்துவெளிக் கைவினைஞர் பயன்படுத்திய கல் துரப்பணத்தால் ஒரு மணி நேரத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழமே துளையிட இயலும் என்று சோதனைகள் காட்டுகின்றன. எனவே, 10 சென்டிமீட்டர் நீளமுள்ள மணியைத் துளையிட மட்டுமே 40 மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் அவனுக்குச் சோறிட உபரித் தானியம் இருந்திருக்க வேண்டும். அம்மணியை விலை கொடுத்து வாங்குவோரும் இருந்திருக்க வேண்டும். இத்தகைய மணிகள் மெசபட்டோமியாவின் ஊர் நகரத்துக் கல்லறைகளிலும் கிடைத்துள்ளன. ஒரு சிறு மணி உழவையும் தொழிலையும் கடல் வாணிகத்தையும் ஒருங்கே உரைத்துவிடுகிறது! லோத்தலுக்கு அண்மையிலுள்ள கம்பாத்தில் கல்லைச் சுட்டுச் சிவப்பேற்றி மணி செய்யும் தொழில் இன்றும் நடைபெறுகிறது.

ஆயினும், இம்முறையில் ஓர் எச்சரிக்கை தேவை. 1957 வரை நம் ரூபாய்க்கு 16 அணா. தமிழில் மாகாணி என்பதும் 16-இல் ஒரு பங்கே. இவ்வொற்றுமையைக் கண்டு வியக்கலாம். ஆனால், ஒற்றுமை ஒன்றே உறவுக்குச் சான்றாகிவிடாது. எழுத்துப் படிக்கப்படாதவரை, இந்நாகரிகம் எம்முடையதே என்று எம்மொழியினரும் முடிவு கட்டிவிடலாகாது. பெருமைக்காகப் பயிலும் சரித்திரம் வழக்காகிவிடும்; உண்மைக்காகப் பயில்வதே அறிவாகும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதனால் விளையும் பயன் யாது? அரசர்களின் எல்லைகளை மட்டும் நோக்கின், நாம் குடியேறிய ஊரின் சரித்திரம் பிறருடையதாகவே தோன்றும். பொருள்கள் சென்ற வழியை நோக்கின் காட்சி மாறுகிறது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யற்கரைக் கொடுமணலில், கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்ட காலத்திலேயே சூதுபவள மணிகள் செய்யப்பட்டன. அக்கல் குஜராத் பகுதியிலிருந்து வந்திருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். மொழி வேறாயினும் வழி இருந்தது. வழியில் மனிதர் நடந்தனர். நாம் வாழும் ஊரின் பழைய குளத்தையும் கடைத்தெருவையும் கைத்தொழிலையும் இக்கண்ணோடு நோக்குவோமாக. நம் குழந்தைகள் பிறந்த அம்மண்ணின் சரித்திரம் அவர்களுக்கும் உரியதே.