இலை விழுந்த மண்

"உங்கள் ஊர் எது?" என்று ஒருமுறை வகுப்பில் வினவினேன். சிலர் திருநெல்வேலி என்றனர். சிலர் விழுப்புரம் என்றனர். கடைசி இருக்கையிலிருந்து, "மல்காஜ்கிரிதான், ஐயா" என்றொரு குரல் எழுந்தது. வகுப்பு சிரித்தது. அவ்விடையில் பிழை ஏதும் இல்லை. இவ்வினாவுக்கு விடை கூற இடர்ப்பட்டோர் நாம் மட்டும் அல்லர். கொல்கத்தாவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் சீனரின் வரலாற்றைக் காண்போம்.

வாரன் ஹேஸ்டிங்ஸ் ஆட்சிக் காலத்தில், அச்சியூ என்னும் சீனர் கொல்கத்தாவிற்குத் தெற்கே ஊக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை நிறுவினார். அவர் பெயரால் அவ்வூர் இன்றும் அச்சிப்பூர் எனப்படுகிறது. சீனப் பெயரும் இந்தியப் 'பூரும்' இணைந்த ஊர்ப்பெயர்! ஆண்டுதோறும் சீனப் புத்தாண்டையொட்டிக் கொல்கத்தாச் சீனர் அங்குச் சென்று, அவர் நினைவிடத்தில் ஊதுவத்தி ஏற்றி வணங்குகின்றனர்.

அவருக்குப் பின் வந்தோருள் கான்டன் பகுதியினர் தச்சராயினர். ஹக்கா பிரிவினர் டாங்ரா பகுதியில் தோல் பதனிட்டனர், காலணிகளும் செய்தனர். "உதிர்ந்த இலை வேருக்கே திரும்பும்" என்பது சீனப் பழமொழி. முதல் தலைமுறையினர் அவ்வாறே எண்ணினர். பொருள் ஈட்டியபின் ஊர் திரும்பலாம் என்று காத்திருந்தனர். பிள்ளைகளோ கொல்கத்தாவில் பிறந்தனர். வங்காளமும் இந்தியும் பேசினர். ஹக்கா மொழி வீட்டளவில் நின்றது. சீன எழுத்தை அறிந்தோர் குறைந்தனர். வீட்டில் தமிழ் பேசியும் கடைப் பலகையில் தெலுங்கையே விரைந்து படிக்கும் நீங்கள் இதனை எளிதில் உணர்வீர்கள். டாங்ராவில் 'சீனக் காளி கோயில்' ஒன்று உண்டு. அங்கே அன்னைக்கு நூடுல்ஸும் படைக்கின்றனர்.

1962-இல் இந்திய-சீனப் போர் மூண்டது. இங்கேயே பிறந்து வளர்ந்தோரும் முகத்தோற்றத்தாலும் பெயராலும் ஐயத்திற்கு உள்ளாயினர். அசாம், டார்ஜிலிங் முதலிய பகுதிகளிலிருந்து சுமார் 3,000 சீன வழியினர் இராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். சிலர் சில ஆண்டுகள் வரை அங்கேயே இருக்க நேர்ந்தது. 1963-இல் சீனக் கப்பல்கள் நம் சென்னைத் துறைமுகத்திற்கு வந்து அவர்களுள் பலரை ஏற்றிச் சென்றன. 'தாய்நாடு' என்று சொல்லப்பட்ட அந்நாட்டை ஒருமுறையேனும் கண்டிராதோரும் அக்கப்பல்களில் இருந்தனர். வேருக்குத் திரும்புதல் என்று இதனை எவ்வாறு கூறுவது?

முகாமிலிருந்து மீண்டோர் சிலரின் வீடும் கடையும் பிறர் கைக்குப் போயிருந்தன. பின்னாளில் பல குடும்பங்கள் கனடாவின் டொராண்டோ நகருக்குக் குடிபெயர்ந்தன. அங்கே அவர்கள் நடத்தும் 'ஹக்கா' உணவகங்களில் பரிமாறப்படுவது பாட்டனார் ஊர்ச் சமையல் அன்று. பச்சை மிளகாயும் இஞ்சியும் பூண்டும் மணக்கும் கொல்கத்தாச் சமையல். பாட்டனார் குவாங்டாங்கை எண்ணி ஏங்கினார்; பேரனோ பனி பொழியும் மாலையில் டாங்ராவை எண்ணி ஏங்குகிறான்.

சீனரிடையே மற்றொரு தொடரும் வழங்குகிறது: "விழுந்த மண்ணில் வேர்விடு." இரண்டு தொடர்களையும் அவர்கள் இன்றும் சொல்கின்றனர்.

செயல்பாடு: உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம் பேசுங்கள். 'நம்ம ஊர்' என்று அவர் எந்த ஊரைக் குறிக்கிறார்? நீங்கள் எந்த ஊரைக் குறிக்கிறீர்கள்? காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.