பத்தாந் தரத்திலே பாதை தெரிய வேண்டும்

தோட்டஞ் செய்பவன் விதைக்குமுன் நிலத்தைப் பார்க்கிறான். செம்மண்ணுக்கு ஏற்ற பயிர் எது, மணற்றரைக்கு ஏற்றது எது என்று ஆராய்ந்த பின்னரே மண்வெட்டியைக் கையில் எடுக்கிறான். பிள்ளையின் கல்வி என்று வந்துவிட்டாலோ நம்மவரிற் பலர் நிலத்தைப் பார்ப்பதில்லை. அடுத்த வீட்டார் எதை விதைத்தனரோ அதையே தாமும் விதைக்கின்றனர். விளைச்சல் பிழைத்த பின்னர் பிள்ளையை நோவதும், ஆசிரியரை நோவதும், விதியை நோவதும் வழக்கமாகிவிட்டன.

பத்தாந் தரத்திற் பயிலும் பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் சில சொல்ல விரும்புகிறேன். அவற்றைச் சொல்லுமுன் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் முறை.

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலே ஒரு மாணவன் இருந்தான். கணிதத்தில் அவனே முதல்வன். தகப்பனார் தோட்டக்காரர். நீரிறைக்கும் இயந்திரம் பழுதுபட்டால் அதனைக் கழற்றிப் பூட்டுபவன் அந்தப் பதினைந்து வயதுப் பையனே. பாடசாலைக் கிணற்றின் மோட்டார் நின்றுபோன ஒரு நாளிலும் அவன்தான் அதைச் சீர்செய்தான். சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் தகப்பனார் என்னிடம் வந்தார். “மாஸ்டர், எங்கடை குடும்பத்திலை ஒரு டொக்டர் வரவேணும். நீங்கள்தான் இவனுக்குப் புத்தி சொல்லவேணும்” என்றார். பெறுபேறு சிறந்திருந்தது, தகப்பனாரின் ஆசையும் நல்லாசையே. “உயிரியலே எடுக்கட்டும்” என்று நானும் சொல்லிவிட்டேன். பையன் தலை குனிந்து நின்றான். அதனை அடக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

அவன் மூன்று முறை உயர்தரப் பரீட்சை எழுதினான். மூன்று முறைக்கு மேல் எழுதிப் பல்கலைக்கழகம் புக விதி இடந் தராது. மருத்துவ பீடம் அவனுக்குக் கிட்டவில்லை.

ஓசையின்றி மூடும் கதவுகள்

உயர்தரத்திலே தொடங்குவதுதான் பல்கலைக்கழகப் பாதை என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. பத்தாந் தரத்திலேயே சில கதவுகள் திறக்கின்றன. சில ஓசையின்றி மூடுகின்றன.

சாதாரண தரத்திற்குப் பாடங்கள் ஒன்பது. சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்னும் ஆறும் கட்டாயமானவை. எஞ்சிய மூன்றையும் தொகுதிப் பாடங்களிலிருந்து மாணவரே தெரிகின்றனர். இத்தெரிவு பத்தாந் தரத்து வாசலிலேயே நிகழ்கிறது. தோழன் எடுத்தான் என்றோ, புள்ளி எளிதாகக் கிடைக்கும் என்றோ தெரியாமல், பிள்ளையின் நாட்டம் எத்திசையில் என்று சோதித்துப் பார்க்கும் களமாக இம்மூன்று பாடங்களையும் கொள்ளல் நன்று.

உயர்தர வகுப்பிற் சேர்வதற்குத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களிற் சித்தியும், மூன்றிலாவது திறமைச் சித்தியும் வேண்டும் என்பது பொது விதி. ஆகவே பத்தாந் தரத்திலே கணிதத்தைக் கைவிட்ட பிள்ளை, கலைப் பிரிவை நாடினாலும் இடர்ப்படும். தாய்மொழி தானே வந்துவிடும் என்று அசட்டையாய் இருப்போரும் இதனை மனங்கொள்க.

ஆங்கிலம் பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் முதலிய துறைகளிற் பல்கலைக்கழக விரிவுரைகள் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றன. உயர்தரத்தைத் தமிழிற் படித்துச் சிறந்த பெறுபேறு பெற்ற பிள்ளை, முதலாம் ஆண்டு விரிவுரை மண்டபத்திலே வாய்பேசாது அமர்ந்திருக்கும் காட்சி மிகவும் பரிதாபமானது. நாள்தோறும் அரைமணி நேர ஆங்கில வாசிப்பைப் பத்தாந் தரத்திலே தொடங்கினால் இக்குறை பெரிதும் நீங்கும்.

இசட் புள்ளி என்பது யாது?

1970களிலே தரப்படுத்தல் வந்த காலத்து மனத்தாங்கல்களை மூத்தோர் அறிவர். இன்றைய அனுமதி 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளியை அடிப்படையாகக் கொண்டது. இதனைப் பெற்றோர் விளங்கிக்கொண்டாற் பல மயக்கங்கள் தீரும்.

ஒரு பாடத்திற் பிள்ளை பெற்ற புள்ளியிலிருந்து, அப்பாடத்தை எழுதியோர் அனைவரின் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுத்தால் இசட் புள்ளி கிடைக்கும். உதாரணமாக, ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15 எனக் கொள்வோம். அதில் 70 பெற்றவரின் இசட் புள்ளி 2. மற்றொரு பாடத்தின் சராசரி 55, நியம விலகல் 10 ஆயின், அதே 70இன் பெறுமதி 1.5 மட்டுமே. மூன்று பாடங்களினதும் சராசரியே பிள்ளையின் இறுதி இசட் புள்ளியாகும். எனவே “இலகுவான பாடம்” என்று தேடி ஓடுவதில் இலாபமில்லை. எல்லோருக்கும் இலகுவானது எவரையும் உயர்த்துவதில்லை. பிள்ளை எதிலே மற்றவரை விஞ்சுமோ அதுவே அதற்குரிய பாடம்.

கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், எஞ்சிய 5 வீதம் முல்லைத்தீவு, மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. தகுதி பெறுவோரிற் பாதிப்பேருக்குக்கூட அரச பல்கலைக்கழகங்களில் இடங் கிடைப்பதில்லை என்பதையும் மறைத்துப் பயனில்லை. அதனாலேயே ஒரு பாதையை மாத்திரம் நம்பியிராது, இரண்டாவது பாதையையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டு தொழில்கள் மட்டுமா?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் அனுமதிக் கைந்நூல் ஒன்றை வெளியிடுகிறது. எந்தக் கற்கைநெறிக்கு எந்தப் பாடங்கள் வேண்டும் என்பது அதிலே தமிழிலும் உண்டு. உயர்தரப் பெறுபேறு வந்த பின்னரே பெரும்பாலோர் அதைப் புரட்டுகின்றனர். பத்தாந் தரத்திலே ஒருமுறை புரட்டுங்கள். மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு சொற்களுக்கு அப்பால் எத்தனை துறைகள் உள்ளன என்று வியப்பீர்கள்.

2013இல் உயர்தரத்திலே தொழில்நுட்பப் பிரிவு புகுத்தப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் தொழில்நுட்பப் பீடமும் கிளிநொச்சியிலே இயங்குகின்றன. பல்கலைக்கழகம் கிட்டாதவர்க்குத் தேசிய கல்வியியற் கல்லூரிகள், தொழில்நுட்பக் கல்லூரிகள், திறந்த பல்கலைக்கழகம் என வேறு வழிகளும் உள. தேசிய தொழிற்றகைமையின் ஏழாம் மட்டம் பட்டத்திற்கு ஒப்பானது. இவற்றைத் “தோற்றவர் போகும் இடம்” என்று வீட்டிலே பேசுவது பெரும் பிழை. அப்பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளை பின்னர் அங்கே செல்ல நேர்ந்தால் தலைகுனிந்தே செல்லும்.

வீட்டிலே செய்ய வேண்டியது

பெற்றோர்களே! ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தவணையிலும் ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளை பெறும் புள்ளிகளை அதில் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்திலே, எவரும் ஏவாமல் பிள்ளை தானாகச் செய்தவற்றைக் குறியுங்கள். எந்தப் புத்தகத்தை விரும்பி எடுத்தது, எந்த வேலையில் நேரம் போவது தெரியாமல் இருந்தது, எந்தப் பாடத்தை மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்தது என்பவற்றை எழுதுங்கள். பத்தாந் தர முடிவிலே இரு பக்கங்களையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். அதன்பின் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஆசிரியரிடம் செல்லுங்கள். அங்கே முதலிற் பேச வேண்டியது பிள்ளையே.

மாணவர்களே! நீங்களும் வாய்திறந்து பேசப் பழகுங்கள். பெற்றோர்க்குப் பணிவது வேறு, உள்ளதை மறைப்பது வேறு. மரியாதையோடு சொல்லப்படும் உண்மையை எந்தத் தாய் தந்தையரும் நெடுநாள் மறுத்திரார்.

முற்சொன்ன மாணவன் பின்னர் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று, இன்று கொழும்பிலே ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறான். அவன் வாழ்வு வீணாகவில்லை. ஆயினும் அவன் இழந்த ஆண்டுகளைத் திருப்பிக் கொடுக்க எவராலும் இயலாது. அவன் தெரிவு செய்த காலத்திலே தொழில்நுட்பப் பிரிவு இல்லாவிடினும் கணிதப் பிரிவு இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் திருவிழாவுக்கு ஊர் வந்தவன் என்னைக் காண வந்தான். “அண்டைக்கு உனக்கு விருப்பம் இல்லையென்று சொல்லியிருக்கலாமே, தம்பி” என்றேன். அவன் சிரித்தான்.

“ஒருதரும் என்னைக் கேக்கேல்லையே, சேர்” என்றான்.

அன்று முதல், பத்தாந் தர மாணவர் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டு வருகிறேன். “உனக்கு எதிலே விருப்பம்?” அதே கேள்வியை இன்று இரவு உணவு வேளையிலே உங்கள் பிள்ளையிடமும் கேளுங்கள். விடை வரும்வரை பொறுமையாகக் காத்திருங்கள்.