வெலிங்டனின் கால்பந்து அணி

திசையன்விளையின் செம்மணலில் பந்தாடும் சிறுவனைக் கேளுங்கள். முன்னணியில் நின்று கோல் போடவே விரும்புவான். காவல் நிற்க மனங்கொள்வோர் சிலரே. அத்தகையோர்க்குப் படைப்பயிற்சி நிலையம் ஒன்றின் அணி நல்லதொரு பாடம் புகட்டுகிறது.

குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ளது மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையம். புதிதாய்ச் சேரும் இளைஞரைப் போர்வீரராக்குவதே அதன் பணி. எனினும், அங்கே நல்லதொரு கால்பந்து அணியும் உருவாயிற்று.

1888ஆம் ஆண்டு சிம்லாவில் தோன்றிய டூரண்டு கோப்பைப் போட்டி, தொடக்கத்தில் படையணிகளுக்கே உரியதாயிருந்தது. ஆங்கிலேயப் படையினரே நெடுங்காலம் வென்றுவந்தனர். விடுதலைக்குப்பின் கல்கத்தா, ஐதராபாத் அணிகளின் கை ஓங்கியது. அவற்றிற்கிடையே 1955லும் 1958லும் வெலிங்டன் அணி கோப்பையைக் கைப்பற்றியது.

அவ்வணியின் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ். முன்னணி ஆட்டக்காரராகத் தொடங்கிய அவர், பின்னரே காவலரானார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற இந்திய அணியிலும், 1962இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற அணியிலும் அவர் இடம்பெற்றார்.

அவர் இடம் மாறினார், ஆட்டத்தை விடவில்லை. முன்னணியில் இடம் கிட்டாத மாணவன் இதனை நினைவிற் கொள்வானாக.