விஏஓ எழுதிக்கொண்டால் போதாது: புயலில் சேதமான வீட்டுக்கு காப்பீடு கேட்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் பயிர்க் காப்பீட்டு நினைவு தானாக வந்துவிடும். அடங்கல் வாங்குவது, பொதுச் சேவை மையத்தில் பதிவு செய்வது என்று அலைவோம். குடியிருக்கும் வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. வீட்டுக் கடன் வாங்கியவர்களில் பலருக்குக் கடனோடு சேர்த்தே பாலிசி போடப்பட்டிருக்கும். பிரீமியத்தைக் கணக்கில் பிடித்திருப்பார்கள், ஆவணம் வங்கிக் கோப்பில் கிடக்கும். முதலில் வங்கிக் கிளைக்குச் சென்று ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதி வரை செல்லும், எவ்வளவு தொகைக்கு, எந்த நிறுவனம் என்ற மூன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேதி முடிந்திருந்தால், பிரீமியம் கட்டிய பிறகே மீண்டும் பாதுகாப்பு தொடங்கும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது தென்னைகளோடு வீடுகளும் சாய்ந்தன. இப்படிப்பட்ட நேரத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்து சேதத்தைக் கணக்கெடுப்பார். அது அரசு நிவாரணத்துக்கான கணக்கு. அந்தத் தகவல் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகாது. "அதான் விஏஓ எழுதிட்டுப் போனாரே" என்று இருந்துவிட்டு, உடைந்த ஓட்டை அள்ளிக் கொட்டி, வளைந்த தகரத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து நிறுவனத்துக்குச் சொன்னால், வந்து பார்க்க அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. இழப்பீடு குறைவதற்கும் மறுக்கப்படுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

அதனால் காற்று ஓய்ந்ததும் முதல் வேலை, பாலிசி எண்ணோடு நிறுவனத்துக்குத் தகவல் சொல்வது. தொலைபேசியில் சொன்னாலும் புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி மூலம் எடுத்த பாலிசி என்றால் கிளை மேலாளருக்கும் எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புகை முத்திரை வாங்குங்கள். கடன் பாக்கி இருந்தால் இழப்பீட்டுத் தொகை வங்கிக்குத்தான் முதலில் போகும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

எதையும் அகற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுங்கள். வெறும் ஓட்டையை மட்டும் எடுத்தால் போதாது. வீடு முழுவதும், சுற்றிலும் விழுந்த மரங்கள், பக்கத்து வீட்டுச் சேதம் எல்லாம் தெரிய வேண்டும். சுவர் நனைந்திருப்பதை மட்டும் காட்டினால், 'இது பழைய கசிவு, பராமரிக்காத குறை' என்று சொல்ல இடமுண்டு. காற்று சீமை ஓட்டையோ சிமென்ட் அட்டையையோ தூக்கிய பிறகுதான் தண்ணீர் உள்ளே வந்தது என்பது படத்தில் புரிய வேண்டும். ஆணி பிடுங்கிய இடம், பெயர்ந்த முகடு, தரையில் கிடக்கும் அட்டை எல்லாம் சாட்சி. மழைக்காலத்துக்கு முன்பே நல்ல நிலையில் இருக்கும் கூரையை ஒருமுறை படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

படம் எடுத்த பிறகு வீட்டைத் திறந்து போட்டுவிட வேண்டாம். மேலும் நனையாமல் தார்ப்பாய் போடுவது உங்கள் கடமை, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிரந்தரமாகச் சரிசெய்வதையும், கெட்டுப்போன டிவி, பிரிட்ஜை விற்பதையும் சர்வேயர் பார்த்துவிட்டுப் போகும்வரை தள்ளிப்போடுங்கள். அவருக்குச் சம்பளம் நிறுவனம் கொடுக்கிறது. நீங்கள் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. அவர் வரும்போது வீட்டில் ஒருவர் இருந்து, மாட்டுக் கொட்டகை ஓரம் விழுந்த சுற்றுச்சுவர் வரை எல்லாவற்றையும் நேரில் காட்ட வேண்டும். காட்டாதது அறிக்கையில் வராது.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று கொண்டுவரப்பட்ட பொதுவான பாலிசி 'பாரத் கிருஹ ரக்ஷா'. புயல், வெள்ளம் மட்டுமல்ல, மரம் விழுந்து வீடு உடைந்தாலும் இதில் இழப்பீடு உண்டு. சுற்றுச்சுவர், கழிவுநீர்த் தொட்டி, சாண எரிவாயுக் கலன், சூரிய மின்தகடு ஆகியவையும் வீட்டோடு சேரும். கட்டடத்துக்குப் பாலிசி எடுத்தால் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே கிடைக்கும். கட்டடத்துக்கு 10 லட்சம் என்றால் பொருள்களுக்கு 2 லட்சம். ரொக்கப் பணம் இதில் வராது. நகைக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். சேதத்தைக் கவனித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கோரிக்கைப் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

விவசாயி வீட்டில்தான் சிக்கல் கொஞ்சம் அதிகம். இது குடியிருப்புக்கான பாலிசி. மாட்டுக் கொட்டகை, மோட்டார் அறை, உரம் வைக்கும் அறை ஆகியவை தானாகச் சேரும் என்று நம்பிவிடாதீர்கள். விற்பனைக்கு அடுக்கிய நெல் மூட்டையை வீட்டுப் பொருளாக ஏற்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கும் பம்புசெட்டுக்கும் தனிக் காப்பீடுகள் இருக்கின்றன. விண்ணப்பப் படிவத்தை முகவரே நிரப்பிக் கொடுப்பதும் நம்மூர் வழக்கம். கையெழுத்துப் போடும் முன் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கூரை கீற்றா, ஓடா, அட்டையா, தளமா என்பது உள்ளபடி எழுதப்பட்டிருக்க வேண்டும். கீற்றுக் கூரையைத் தளம் என்று எழுதியிருந்தால், பின்னால் மறுக்க அதுவே காரணமாகிவிடும். பாலிசி எடுத்த பிறகு மேலே ஒரு மாடியோ முன்னால் ஒரு அட்டைக் கொட்டகையோ போட்டால் அதையும் தெரிவித்துவிடுங்கள்.

மறுத்துவிட்டார்கள் என்றால், எந்த நிபந்தனையின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழகத்துக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஐஆர்டிஏஐ ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். மனுவோடு பாலிசி நகல், மறுப்புக் கடிதம், படங்கள், தகவல் சொன்ன புகார் எண் ஆகியவற்றை இணையுங்கள். விஏஓ கணக்கெடுப்பின்படி நிவாரணம் கிடைத்திருந்தால் அந்த ஆவணத்தின் நகலையும் சேர்க்கலாம். அந்தத் தேதியில் உங்கள் வீடு சேதமானதற்கு அது நல்ல ஆதாரம்.