எந்த டிரைவ் நல்ல டிரைவ்?



இறுதியாண்டு வந்தாச்சு என்றாலே புராஜெக்ட், செமினார், ரிப்போர்ட் என எல்லாமே கம்ப்யூட்டரில்தான். ஆறு மாத உழைப்பு ஒரு ஹார்டு டிஸ்கிலோ பென் டிரைவிலோ அடங்கியிருக்கும். அது படுத்துவிட்டால் அத்தனையும் அம்பேல்! "எந்தக் கம்பெனி டிரைவ்டா நல்லது?" என்று ஹாஸ்டலில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கம்பெனி பெயரை மட்டும் நம்பக் கூடாது. 1956-ல் உலகின் முதல் ஹார்டு டிஸ்கைத் தந்தது ஐ.பி.எம். கம்பெனி. 24 அங்குலத் தட்டுகள் 50 கொண்ட அந்தப் பெரிய எந்திரம் சேமித்தது 50 லட்சம் எழுத்துகள்தான். அதே ஐ.பி.எம். 2000-ல் விற்ற 'டெஸ்க்ஸ்டார் 75ஜி.எக்ஸ்.பி.' என்ற மாடல் பலரிடம் பழுதாகி, 2001-ல் அமெரிக்காவில் வழக்கு வரை போனது. ஆகவே பார்க்க வேண்டியது மாடலை. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2013 முதல் தன்னிடம் ஓடும் டிரைவ்களைக் கணக்கெடுத்து, எந்த மாடல் எத்தனை சதவீதம் பழுதாகிறது என்று வெளியிடுகிறது. வாங்கும் முன் ஒரு தடவை பாருங்க.

அடுத்து, விளம்பரத்தில் 'சராசரி ஆயுள் 10 லட்சம் மணி நேரம்' என்று போட்டிருப்பாங்க. வகுத்துப் பார்த்தால் 114 வருஷம்! நம் பேரன் காலம் வரை ஓடுமா? ஓடாது. ஆயிரம் டிரைவ்கள் ஒரு வருஷம் ஓடினால் சுமார் 9 பழுதாகும் என்பதுதான் அதன் அர்த்தம். 2007-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உண்மையான கணக்கை எடுத்தபோது, ஆயிரத்துக்கு 20 முதல் 40 வரை மாற்ற வேண்டியிருந்தது சகஜமாக இருந்தது. எனவே அந்த எண்ணை விட்டுவிட்டு, வாரண்டி 2 வருஷமா 5 வருஷமா என்று கேளுங்க.

நம்மில் பலருக்குப் புது டிரைவ் வாங்கவே வசதி இருக்காது. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த லேப்டாப்தான் கைக்கு வரும். எனக்கு வந்ததும் அப்படித்தான். அதில் முதல் வேலையாக 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்கின் உடல்நிலையைப் பார்த்தேன். தட்டில் கெட்டுப்போன இடங்களின் எண்ணிக்கையை அது காட்டும். அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் ஃபைல்களை உடனே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்க.

இன்னொன்று. ஹார்டு டிஸ்கில் தட்டு நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றும். அதன் மேல் தலை முடியை விட மெல்லிய இடைவெளியில் மிதக்கும். லேப்டாப்பை ஆஃப் செய்யாமல் பையில் திணித்துக்கொண்டு தொப்பூர் கணவாய் வழியாக சேலம் பஸ்ஸில் குலுங்கிப் போனால் அது என்ன ஆகும்? எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகம் இல்லை, குலுக்கலுக்குப் பயமில்லை. ஆனால் அது எந்த அறிகுறியும் காட்டாமல் திடீரென்று நின்றுவிடலாம். சல்லிசாகக் கிடைக்கும் '1 டி.பி.' பென் டிரைவ்களிடம் ஜாக்கிரதை! உள்ளே சில ஜி.பி.தான் இருக்கும். முழுக்க நிரப்பி, திரும்பத் திறந்து பார்த்த பிறகே நம்புங்க.

இத்தனை பார்த்து வாங்கினால் போதுமா? 2007-ல் கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிரைவ்களை ஆராய்ந்தது. பழுதானவற்றில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான எச்சரிக்கை எதையும் காட்டாமலே போயிருந்தன. ஆகவே நல்ல டிரைவ் என்பது பாதி பாதுகாப்புதான். மறுபாதி, இன்னொரு பிரதி. லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என மூன்று இடத்தில் வையுங்க. பென் டிரைவை லேப்டாப் பையிலேயே போடாதீங்க. பை தொலைந்தால் இரண்டும் போச்சு!

நண்பர்களே, டிரைவ் போனால் காசு கொடுத்து வேறு வாங்கலாம். புராஜெக்டை எந்தக் கடையில் வாங்குவது? இன்றைக்கு இரவே ஒரு பிரதி எடுத்துவிட்டுத் தூங்குங்கள்!