வயலில் இறங்கும் வானூர்தி

2023ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், ஜார்கண்ட் மாநிலத் தன்பாத் நகரில், ஓடுதளத்தை விட்டெழுந்த கிளைடர் ஒன்று சற்று நேரத்திலேயே அருகிலிருந்த குடியிருப்பு வீட்டின்மீது மோதி விழுந்தது. விமானியும் உடன் சென்ற 14 வயதுச் சிறுவனும் படுகாயமுற்றனர், வீட்டிலிருந்தோர் தப்பினர். அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது நம் நோக்கமன்று. ஓடுதளம் எட்டாத வேளையில் கிளைடர் எவ்வாறு தரையிறங்குகிறது என்பதை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

கிளைடர் பொதுவாகப் பொறியின் துணையின்றி மிதப்பது. சிலவற்றில் சிறு பொறியும் உண்டு. வெயிலில் சூடேறி மேலெழும் காற்றே அதனை உயர்த்துகிறது. காற்றசைவு இல்லாதபோது, சிறந்த கிளைடர் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் செல்லும். மேலெழும் காற்று கிட்டாவிடில் ஏதேனும் ஒரு வயலில் இறங்குவதே வழி. இது பயிற்சியிலேயே கற்பிக்கப்படும் ஒன்று.

ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இறங்கத்தக்க பகுதியையும், 450 மீட்டரில் குறிப்பிட்ட வயலையும் தேர்ந்து, 300 மீட்டரில் இறங்கும் சுற்றைத் தொடங்கிவிட வேண்டும் என்பது பரவலாகக் கூறப்படும் நெறி. ஆனால், "இன்னும் சற்றுக் காற்று கிடைக்கும், ஓடுதளத்தை எட்டிவிடலாம்" என்ற ஆசை விமானியைத் தாமதிக்கச் செய்கிறது. பின்னர் தாழ்ந்த உயரத்தில் அவசரமாகத் திரும்பும்போது, வேகம் குறைந்து கிளைடர் நிலைகுலைகிறது. மீள்வதற்கு உயரம் இருப்பதில்லை.

நம் குன்றத்தூர்ப் பகுதியையே எண்ணிப் பாருங்கள். செம்பரம்பாக்கம் ஏரியை அடுத்த நஞ்சை வானிலிருந்து சமதளமாகத் தோன்றும்; இறங்கினால் வரப்பும் சேறும் எதிர்ப்படும். ஒரகடம் சாலையோரம் ஆலைகளுக்கு இடையே கிடக்கும் வெற்று மனைகளில் எல்லைக் கற்கள் நிற்கும். மின்கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆதலால் கம்பங்களைத் தேடிப் பார் என்று பயிற்றுவிக்கின்றனர். இவற்றையெல்லாம் கவனிக்க உயரமும் நேரமும் வேண்டும்.

1983 ஜூலை 23ஆம் நாள், கனடா நாட்டில், எரிபொருளை அளப்பதில் பவுண்டும் கிலோகிராமும் குழம்பியதால் ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் நடுவானில் எரிபொருளின்றி நின்றது. தலைமை விமானி ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். வின்னிபெக் நகரை எட்ட முடியாதெனக் கண்டதும், அருகிலிருந்த கிம்லி எனும் பழைய விமானப்படைத் தளத்தை நோக்கித் திருப்பினார். கிளைடருக்குரிய முறையில் விமானத்தைச் சாய்த்து உயரத்தைக் குறைத்து இறக்கினார். அதிலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

விரும்பிய இடத்தை விட்டு, எட்டக்கூடிய இடத்தைத் தேர்ந்ததே அவர்களைக் காத்தது. நம் இல்லங்களிலும் வட்டி பெருகும் கடனையும், உடலில் தோன்றிய நோயின் அறிகுறியையும், "இன்னும் சில நாள் பார்ப்போம்" என்று ஒத்திவைக்கிறோம். கடன்காரரிடம் பேசவும் மருத்துவரைக் காணவும் இன்றே புறப்படுதல் தோல்வியன்று. உயரம் கையிலிருக்கும்போதே வயலைத் தேர்ந்துகொள்வோம்.