மருத்துவ நூற்பட்டியலில் பொருள் தலைப்புத் தேர்வு: ‘குட்டம்’ என்னும் சொல்லை முன்வைத்து

முன்னுரை

பகுப்பெண் ஒரு நூலின் அலமாரி இடத்தைக் காட்டும். ஆகவே அது ஒன்றாகவே அமையும். பொருள் தலைப்புகளோ பலவாகலாம்; அவை வாசகரின் தேடலை நூலோடு இணைப்பன. ஒரு பொருளின் பல பெயர்களுள் ஒன்றைத் தலைப்பாக நிறுத்தி, ஏனையவற்றிலிருந்து அதற்கு வழிகாட்டுவதே இதன் அடிப்படை. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960இல் வெளியிட்ட ‘மெஷ்’ தலைப்புத் தொகுதி ஆண்டுதோறும் திருத்தப்பெற்று, உலகெங்கும் பயன்படுகிறது. அதனைத் தமிழ் மருத்துவ நூல்களுக்குப் பொருத்துங்கால் எழும் சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு சொல், பல நோய்

குட்டத்தைப் பதினெட்டு வகையாகப் பகுப்பது சித்த மருத்துவ மரபு. அவற்றுள் தொழுநோயோடு மட்டுமன்றிப் பிற தோல் நோய்களோடு ஒப்பிடத்தக்கனவும் அடங்கும். நூற்பெயரை மட்டும் நோக்கித் ‘தொழுநோய்’ எனப் பதிந்தால், காளாஞ்சகப்படையை ஆராய்பவர்க்கு அந்நூல் கிட்டாது.

வெண்குட்டத்தில் இடர் இன்னும் மிகுதி. அது நிறமி இழப்பால் தோன்றுவது, தொற்றாதது. மெஷ் அதனை நிறமிக் கோளாறுகளின் கீழும், தொழுநோயை மைக்கோபாக்டீரியத் தொற்றுகளின் கீழும் வைக்கிறது. பெயரொப்புமை கருதி இரண்டையும் ஒன்றாக்குவது பட்டியற்பிழை மட்டுமன்று. நோயுற்றோர்மீது சுமத்தப்படும் இழிவை நூலகமே வழிமொழிவதாகும்.

தேர்வு நெறிகள்

1. நூற்பெயரைவிட, நூல் கூறும் குறிகுணங்களையும் மருந்தையும் நோக்கியே பொருளைத் துணிதல் வேண்டும். ஐயம் எழுமிடத்துத் தி. வி. சாம்பசிவம் பிள்ளையின் மருத்துவ அகராதி துணைசெய்யும்.

2. நூலின் பொருளுக்கு நேரான தலைப்பையே இடுதல் வேண்டும் என்பது சார்லஸ் கட்டர் 1876இல் வகுத்த விதி. வெண்குட்டத்தை மட்டும் பேசும் நூலுக்குத் ‘தோல் நோய்கள்’ என்னும் பொதுத் தலைப்பு பொருந்தாது. பதினெட்டு வகையையும் பேசும் நூலுக்கு அதுவே பொருந்தும்.

3. மருத்துவ முறையைக் குறிக்கும் ‘சித்த மருத்துவம்’ என்னும் தலைப்பை உடன் சேர்த்தல் வேண்டும். ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறையும் சித்த மருத்துவத்துக்குத் தனியிடம் தந்துள்ளது.

4. மரபுப் பெயரை நீக்காது, ‘வெண்குட்டம் – காண்க: வெண்புள்ளி’ என்றவாறு குறுக்கு நோக்கீடு அமைத்தல் வேண்டும்.

முடிவுரை

அரிமளத்து வாசகர் ஒருவர் ‘வெண்குட்டம்’ என்று தேடக்கூடும். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மாணவர் ‘விட்டிலிகோ’ என்று தேடக்கூடும். இருவரையும் ஒரே நூலிடம் சேர்ப்பதே பட்டியலின் கடமை. பன்னாட்டுத் தலைப்பும் தமிழ் மரபுப் பெயரும் இணைந்த தலைப்புக் கோப்பு ஒன்றை உருவாக்குவது, நூலகவியலாரும் சித்த மருத்துவ அறிஞரும் கூடி ஆற்றவேண்டிய பணியாகும்.